முத்திரைக்குள் ஓடிய மிஷின்

வேலங்குடிக்காட்டு மாதர் சங்கத்தில் தையல் டீச்சராக இருந்த லீலாவதிக்குப் பயம் என்று ஒன்று வந்தால் அது தாலுகா ஆபீஸ் வராந்தாவில்தான் வரும். மற்றபடி, பஸ்ஸுக்குப் போகிற வழியில் இருந்த சுடுகாட்டை அவர் தனியாகத்தான் கடந்து போவார். ஊர்ப் பெண்கள் கும்பலாகச் சேர்ந்து நடக்கிற அந்த இடத்தில் குடையைச் சுழற்றிக்கொண்டு நிதானமாக நடப்பார்.

"செத்தவுங்க நம்மள என்னா பண்ணிடப் போறாங்க? உசுரோட இருக்கிறவுங்க கேக்குற கேள்விக்குத்தான் பதில் சொல்லி மாளல" என்பார்.

அவருக்குச் சொந்த ஊர் வேப்பந்தட்டைப் பக்கம். அப்பா கூலி வேலைக்காரர். அந்தத் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த முதல் பெண் லீலாவதிதான். திருச்சியில் தையல் பரீட்சையும் எழுதித் தேறினார். கல்யாணமான மூன்றாம் வருஷம் லாரி ஓட்டப்போன புருஷன் திரும்பி வரவில்லை. சேலம் ரோட்டில் வண்டி கவிழ்ந்துவிட்டது. பிறந்த வீட்டுக்குப் போய் மூலையில் உட்கார அவருக்கு மனசில்லை. பஞ்சாயத்து யூனியனில் வேலை கிடைத்ததும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வேலங்குடிக்காட்டில் வந்து இறங்கினார். சங்கக் கட்டடத்தில் இரண்டே அறைகள். முன் அறையில் வகுப்பு, பின் அறையில் அவர் குடித்தனம்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், மருதையாற்றைத் தாண்டிப் போகவேண்டிய ஊர் அது. கோடையில் மணலில் நடந்து கடந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு எப்போது வரும், எப்போது வடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அவரிடம் தையல் கற்ற பெண்களில் அம்சவல்லி ஒரு தனி ரகம். கடலைக்காட்டு வேலைக்குப் போகும் அங்கமுத்துவின் ஒரே மகள். மற்றவர்கள் மிஷினைக் கடகடவென்று ஓட்டிவிட்டு அப்புறம் தையலைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அம்சவல்லி அப்படியில்லை. கொஞ்சம் ஓட்டுவாள், நிறுத்துவாள், தைத்த இடத்தை விரலால் ஒருமுறை நீவிப் பார்ப்பாள், மறுபடி ஓட்டுவாள். பின் அறையில் குழம்பு தாளித்துக்கொண்டிருக்கும்போதே, முன்னால் ஓட்டுவது அம்சவல்லிதான் என்று லீலாவதிக்குத் தெரிந்துவிடும். அவள் கல்யாணத்துக்கு அங்கமுத்து ஆடுகளை விற்று ஒரு கால் மிஷின் வாங்கிக் கொடுத்தார். ஜெயங்கொண்டம் பக்கம் வாழப்போன பெண், தலைப்பிரசவத்துக்கு அந்த மிஷினையும் வண்டியில் ஏற்றிக்கொண்டே அப்பா வீட்டுக்கு வந்தாள்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசி. வலி கண்டதும் மாட்டு வண்டி கட்டினார்கள். லீலாவதி வண்டியில் ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஆற்றங்கரைக்குப் போனபோது கரைக்குக் கரை செந்தண்ணீர். இறங்க வழியில்லை. மழையில் நனைந்துகொண்டு, தண்ணீர் குறையுமா குறையுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குறையவில்லை. அம்சவல்லியும் வயிற்றிலிருந்த பிள்ளையும் அந்தக் கரையிலேயே போய்விட்டார்கள்.

கருமாதி முடிந்த பிறகு லீலாவதி ஊர்ப் பெண்களைக் கூட்டினார். ஆற்றுக்கு இந்தப் பக்கமே பிரசவம் பார்க்க ஓர் அறை வேண்டும் என்றார். கட்டடம் இருந்தால் நர்ஸ் போடுகிறோம் என்று சுகாதார ஆபீஸில் சொன்னார்கள். சங்கத்துக்குப் பக்கத்திலேயே பஞ்சாயத்து இடம் தந்தது. கட்டத்தான் வழியில்லை. சங்கத்துப் பொருளாளர் பொன்னாயி, பேச்சில் யாருக்கும் சளைக்காதவர், ஒரு யோசனை சொன்னார்.

"டவுனுல சீட்டு அடிச்சு விக்கிறாங்க டீச்சர். ஒரு ரூவா சீட்டு. விழுந்தவுங்களுக்கு ஒரு சாமான். மிச்சம் தர்மத்துக்கு. நாமளும் அப்படிப் பண்ணுனா என்னா?"

மறுநாளே காகிதத்தை வெட்டி, கையால் எண் போட்டு விற்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வாரச் சந்தையில் ஒரு ஏட்டு அவர்களைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்.

"அம்மா, நீங்க பண்றதுக்கு லாட்டரின்னு பேரு. சர்க்கார் அனுமதியில்லாம நடத்துனா கேஸ் போடணும். தர்மத்துக்குத்தான்னாலும் சட்டம் சட்டந்தான். வித்ததைத் திருப்பிக் குடுத்துட்டு முறைப்படி எழுதிப் போடுங்க."

லீலாவதி வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தார். பிறகு அவர் பயப்படுகிற வராந்தாக்களில் உட்காரும் காலம் தொடங்கியது. முதலில் சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். அதற்கு விதிமுறைகள் எழுத வேண்டும், நிர்வாகிகள் கையெழுத்துப் போட வேண்டும். பொன்னாயி தன் பெயரை எழுதப் பழகிக்கொண்டது அதற்காகத்தான். பதிவானதும் கலெக்டருக்கு மனு. எதற்காகக் குலுக்கல், எத்தனை சீட்டு, எங்கே விற்பது, எந்த நாளில் எங்கே எடுப்பது, என்ன பரிசு, அது யாருடைய பொருள் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருந்தது. பரிசுப் பொருள் ஏற்கெனவே சங்கத்துக்குச் சொந்தமாகியிருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. அங்கேதான் மனு நின்றது. சங்கத்திடம் பரிசாக வைக்க என்ன இருந்தது? இரண்டு பழைய தையல் மிஷின், ஒரு பாய், ஒரு தண்ணீர்ப் பானை.

அந்தச் சமயத்தில்தான் அங்கமுத்து மகளுடைய மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"இது என் வூட்டுல இருக்க வேணாம் டீச்சரம்மா. நீங்க குலுக்கல்ல வச்சுக்கங்க."

"அண்ணே, நல்லா யோசிச்சீங்களா? ஒரு தடவ எழுதிக் குடுத்துட்டா அப்பறம் திருப்பிக் கேக்க முடியாது."

"கேக்க மாட்டேன்." கொஞ்ச நேரம் அவர் மிஷினைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அது அங்க இருந்தா எனக்குச் சோறு எறங்கல. அம்புட்டுத்தான்."

முத்திரைத்தாளில் தானமாக எழுதி விரல்ரேகை வைத்துக் கொடுத்தார். மிஷினைத் துடைக்கும்போது அதன் இழுப்பறையில் ஒரு குழந்தைச் சட்டை இருப்பதை லீலாவதியும் பொன்னாயியும் பார்த்தார்கள். மெல்லிய மஞ்சள் பருத்தித் துணி. பாதிதான் தைத்திருந்தது, ஒரு கை மட்டும் வைத்து, இன்னொரு பக்கம் பிசிறோடு திறந்து கிடந்தது. அங்கமுத்துவிடம் நீட்டினார் லீலாவதி. அவர் கை பின்னுக்குப் போயிற்று.

"அதுலயே கெடக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

சட்டையை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தார்கள்.

எண்பத்திரண்டு ஐப்பசியில் அனுமதி வந்தது. அதோடு நிபந்தனைகளும் வந்தன. அச்சகத்தின் பெயரும் அனுமதி எண்ணும் ஒவ்வொரு சீட்டிலும் இருக்க வேண்டும். பெரம்பலூர் தாலுகாவுக்குள் மட்டுமே விற்க வேண்டும். விற்பவருக்குக் கமிஷன் கிடையாது. நிர்வாகிகளும் அவர்கள் குடும்பத்தாரும் சீட்டு வாங்கக் கூடாது. குலுக்கல் பொது இடத்தில் தாசில்தார் முன்னிலையில் நடக்க வேண்டும். முடிந்ததும் ஆடிட்டர் பார்த்த கணக்கு போய்ச்சேர வேண்டும். பரிசுப் பொருளை வருவாய் ஆய்வாளர் பார்வையிட்டு முத்திரை வைப்பார். குலுக்கல் நாள்வரை அது செயலாளர் பொறுப்பில் இருக்க வேண்டும். செயலாளர் லீலாவதிதான்.

வருவாய் ஆய்வாளர் ராசாங்கம் சைக்கிளில் வந்தார். எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற மனிதர். மிஷினின் பெல்ட்டையும் ஊசியையும் கழற்றித் தனியாகக் கட்டினார். மேலே மரமூடியைப் போட்டு, மூடியையும் இழுப்பறைகளையும் கீழே இருந்த பெரிய சக்கரத்தையும் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, முடிச்சுக்கு முடிச்சு அரக்கை உருக்கி முத்திரை குத்தினார்.

"இதுல ஒண்ணு ஒடஞ்சாலும் குலுக்கல் செல்லாது டீச்சர். பாத்துக்கங்க."

முன் அறையின் மூலையில் மிஷின் நின்றது.

ஒரு வாரம் போயிருக்கும். உச்சிவேளை. வகுப்புப் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். லீலாவதி பின் அறையில் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முன் அறையில் மிஷின் ஓடியது.

"யாரு புள்ள அது? சாப்புடப் போவலியா?"

சத்தம் நின்றது. பதில் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தார். சங்கத்துப் பழைய மிஷின்கள் இரண்டும் துணி போர்த்தியபடி இருந்தன. வாசல் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தானே போட்ட தாழ்ப்பாள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பூனையாக இருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு வந்து சாப்பிட்டார்.

மறுநாளும் அதே வேளைக்கு ஓடியது. இந்த முறை அவர் குரல் கொடுக்கவில்லை. கையில் பிசைந்த சோற்றோடு கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் ஓடியது. நின்றது. ஒரு விரல் தையலை நீவிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்தது. மறுபடி ஓடியது.

அந்த ஓட்டத்தை அவர் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்லிவிடுவார். கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். எழுந்து கதவருகே போனார். சத்தம் மூலையிலிருந்து, மூடிய மரமூடிக்குள்ளிருந்து வந்தது. கட்டிய சக்கரம் அசையவில்லை. கயிறு தளரவில்லை. அரக்கில் குத்திய எழுத்துகள் புதிதாக இருந்தன. மெதுவாகப் பக்கத்தில் போய் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். சத்தம் உடனே அடங்கிவிட்டது. ஆனால் மரம் சூடாக இருந்தது. நெடுநேரம் வேலை செய்த மிஷினிலிருந்து வரும் எண்ணெய் வாடை, சூடான எண்ணெய் வாடை, அந்த இடத்தில் நின்றது.

பொன்னாயியைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மூன்றாம் நாளும் கேட்டது. பொன்னாயி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, சத்தம் முடிகிறவரை கண்ணை மூடியிருந்தார்.

"டீச்சர், நம்ம அம்சவல்லிதான."

"ஆமாக்கா."

"யாரையாச்சும் கூட்டியாந்து கழிச்சு வுட்டுடலாம். தெறந்து எலுமிச்சம்பழம் வச்சு..."

"தொறக்க முடியாது. முத்திரை ஒடஞ்சா எல்லாம் போச்சு. அப்பறம் மறுபடி எழுதிப் போட்டு, மறுபடி அலைஞ்சு, அடுத்த மழைக்குள்ள கட்ட முடியாதுக்கா."

"பயமா இல்லியா ஒங்களுக்கு?"

லீலாவதி முத்திரைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். அன்று முதல் மத்தியானச் சாப்பாட்டை வாசல் வேப்பமரத்தடிக்கு மாற்றிக்கொண்டார். அங்கே உட்கார்ந்தாலும் கேட்டது. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். ராசாத்தி என்ற பெண்ணும் இன்னும் சிலரும் வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

முத்திரையைச் சரிபார்க்க ராசாங்கம் ஒருநாள் வெயிலில் வந்தார். சைக்கிளை நிறுத்தும்போதே தலையை உயர்த்தினார்.

"வகுப்பு நடக்குதா டீச்சர்? உள்ள யாரு தைக்கிறது?"

"நீங்களே வந்து பாருங்க சார்."

லீலாவதி பூட்டைத் திறந்தார். ராசாங்கம் மூலைக்குப் போய்க் குனிந்து ஒவ்வொரு முத்திரையாகத் தொட்டுப் பார்த்தார். அவர் விரல் கயிற்றில் இருக்கும்போதே மூடிக்குள் மிஷின் ஓடியது. அவர் துள்ளவில்லை, குனிந்தபடியே கல்லாகி நின்றார். சட்டையின் முதுகுப் பக்கம் நனைந்து ஒட்டிக்கொண்டது. சத்தம் நின்றதும் மெல்ல நிமிர்ந்து, வாசலுக்கு வந்து, சைக்கிள் சீட்டின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார்.

"முத்திரைகள் அப்படியே உள்ளன." எழுதியதை வாசித்தும் காட்டினார்.

"சத்தத்தைப் பத்தி எழுதலிங்களா சார்?"

"சத்தம்னு எழுத இதுல எடம் இல்லம்மா" என்றார். அதன் பிறகு தலையாரி இல்லாமல் அவர் அந்தப் பக்கம் வந்ததில்லை.

அதற்குள் சீட்டு விற்பனை தொடங்கியிருந்தது. லீலாவதியை வேறொன்று அரித்தது. தான் கேட்டுச் சகித்துக்கொள்ளலாம். இதைப் பரிசாக வாங்கிப்போகிறவர்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கும், வயிற்றுப் பிள்ளைக்காரி இருப்பாள். அவர்களிடம் சொல்லாமல் இதை எப்படித் தள்ளிவிடுவது? பஸ் ஏறித் திருச்சிக்குப் போனார். கலெக்டர் ஆபீஸில் அந்த செக்‌ஷனைப் பார்த்த கிளார்க் அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"பரிசை மாத்தலாங்களா சார்? வேற மிஷின் ஒண்ணு ஏற்பாடு பண்ணிக்கிறோம்."

"மாத்த முடியாதும்மா. சீட்டுல என்ன அச்சடிச்சீங்களோ அதைத்தான் குடுக்கணும். அதைப் பாத்துத்தான ஜனங்க வாங்கியிருக்காங்க? மாத்தணும்னா இதை ரத்து பண்ணி, எல்லார்கிட்டயும் பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டு, மொதல்லேர்ந்து வரணும்."

"பொருள்ல ஒரு கொறை இருந்தா?"

"என்னா கொறை?"

லீலாவதி மேசைக் கண்ணாடியைப் பார்த்தார். "சத்தம் போடுது."

"அப்ப அதைச் சொல்லிட்டு வில்லுங்க. தெரிஞ்சே மறைச்சாத்தான் ஏமாத்துனதா ஆவும். சொல்லிட்டீங்கன்னா ஒங்க மேல தப்பு இல்ல."

அவர் சொன்னதை லீலாவதி அப்படியே எடுத்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை சிறுவாச்சூர்க் கோயில் கூட்டத்தில், சீட்டுக் கட்டோடு நின்று உரக்கச் சொன்னார்.

"பிரசவ ரூம் கட்டுறதுக்குச் சீட்டு. பரிசு ஒரு தையல் மிஷினு. செத்துப்போன ஒரு பொண்ணோட மிஷினு அது. மத்தியானத்துல தானா ஓடுது. தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க."

பொன்னாயி தலையில் அடித்துக்கொண்டார். சிலர் வாங்கிய சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் குங்குமத்தை வைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஆனால் ஒரு வயதான அம்மா திரும்பி வந்து, "எப்படிச் செத்துச்சு?" என்று கேட்டார். லீலாவதி ஆற்றங்கரையைச் சொன்னார். மழையையும் தண்ணீரையும் சொன்னார். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். பரிசு வேண்டாம், சீட்டு மட்டும் கொடுங்கள் என்று கேட்டவர்கள்கூட இருந்தார்கள். வெள்ளிக்கிழமையும் போனார்கள். பொங்கலுக்கு முன்னால் கட்டுகள் தீர்ந்துவிட்டன.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்து வாசலில் குலுக்கல். தாசில்தார் ஜீப்பில் வந்தார். சுற்று வட்டாரமே கூடியிருந்தது. மிஷினுக்குப் பக்கத்தில் மட்டும் யாரும் நிற்கவில்லை. குலுக்கலுக்கு முன்பு பரிசை எல்லார் முன்னிலையிலும் திறந்து காட்ட வேண்டும். ராசாங்கம் முத்திரைகளைத் தாசில்தாருக்குக் காட்டினார். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். அரக்கு உடைந்தது. மூடி திறந்தது. மிஷின் சாதாரணமாக இருந்தது. ஊசியில் மட்டும் மஞ்சள் நூல் கோத்திருந்தது.

"நூலைக் கழட்டாமலா சீல் வச்சீங்க?" என்றார் தாசில்தார்.

"ஊசியே இல்லாமத்தான் வச்சேன் சார்" என்றார் ராசாங்கம். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

இழுப்பறையை இழுத்தார். உள்ளே மஞ்சள் சட்டை. அவர் அதை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். இரண்டு கைகளும் வைத்து, கழுத்துக்கு ஓரம் அடித்து, நாடா வைத்து, முழுதாக முடிந்த சட்டை. பொன்னாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். லீலாவதி வாங்கிப் பார்த்தார். இரண்டாவது கையின் மூட்டுத் தையலை விரலால் தடவினார். ஒரு தையல்கூடப் பிசகவில்லை.

கூட்டத்தின் பின்னாலிருந்து அங்கமுத்து வந்தார். யாரோ வழிவிட்டார்கள். சட்டையைப் பார்த்தார், பிறகு லீலாவதியின் முகத்தைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, அதுக்கு ஒரு கைதான இருந்துச்சு?"

"ஆமாண்ணே."

"எனக்குத் தருவீங்களா?"

 மிஷினோடு எழுதிக்கொடுத்த பொருள். எல்லார் கண்முன்னே இழுப்பறைக்குள்ளிருந்து வந்த பொருள். லீலாவதி தாசில்தாரைத் திரும்பிப் பார்த்தார். தாசில்தார் அனுமதி உத்தரவை வாங்கி நெடுநேரம் படித்தார். படிக்க அதில் அவ்வளவு இல்லை.

"பரிசுன்னு போட்டிருக்கிறது தையல் மிஷின் ஒண்ணு. சட்டைன்னு எங்கயும் இல்ல" என்றார். "குடுத்துடுங்கம்மா."

அங்கமுத்து அதைத் துண்டுக்குள் வைத்து மடித்து, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, குலுக்கலைப் பார்க்க நிற்காமல் போய்விட்டார். அவர் போனது வீட்டுப் பக்கம் அல்ல, சுடுகாட்டுப் பக்கம். அவரை யாரும் கூப்பிடவில்லை.

சீட்டு எடுப்பவர் சங்கத்துக்குச் சம்பந்தமில்லாதவராக இருக்க வேண்டும். டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார்கள், அவர் கடையில் பால் பொங்குகிறது என்று ஓடிவிட்டார். ஜீப் டிரைவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கடைசியில் தாசில்தாரே கண்ணை மூடிக்கொண்டு சீட்டுகள் போட்டிருந்த டின்னுக்குள் கையை விட்டார். சிறுவாச்சூரில் சீட்டு வாங்கிய திருமழபாடி மலர்கொடி என்று வந்தது.

பரிசை வாங்கிக்கொள்ள ஒரு மாதம் அவகாசம் உண்டு. விழுந்தவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மறு குலுக்கல் நடத்தலாம். மலர்கொடி வந்ததும் லீலாவதி இதைத்தான் முதலில் சொன்னார். இருபத்தைந்து வயதிருக்கும், கொள்ளிடக்கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வேலை செய்கிற பெண். புருஷனையும் கூட்டிவந்திருந்தாள்.

"எல்லாம் கேள்விப்பட்டேன் டீச்சர். தானா ஓடுனா நல்லதுதான், எனக்குக் காலு வலிக்காது."

"வெளையாட்டு இல்லம்மா."

"நானும் வெளையாட்டுக்குச் சொல்லல. எங்க வூட்டுல யாருக்கும் இப்படி ஒண்ணு அமைஞ்சதில்ல. ஒரு பொண்ணு வந்து ஒக்காந்து தச்சா தச்சுட்டுப் போவட்டும். நான் வேணாம்னு எழுதித் தர மாட்டேன்."

கையெழுத்துப் போட்டு வாங்கி, பஸ் கூரையில் ஏற்றிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

அன்று லீலாவதி முன் அறையைக் கழுவிவிட்டார். மிஷின் இருந்த மூலையில் நாலு கால் தடம் மட்டும் தெரிந்தது. பல வாரங்களுக்குப் பிறகு மறுநாள் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார். தட்டில் மோர் ஊற்றும்போது முன் அறையில் மிஷின் ஓடியது.

கொஞ்சம் ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது.

சொம்பை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தார். காலி மூலை. பழைய மிஷின்கள் வேறு பக்கம், துணிக்கடியில் அசையாமல் இருந்தன. சத்தம் அந்தக் காலி இடத்திலிருந்து, ஒரு பெண் உட்கார்ந்தால் அவள் கை இருக்கக்கூடிய உயரத்திலிருந்து வந்தது. சுடுகாட்டைத் தனியாகக் கடந்தவர் அன்று கதவைப் பூட்டாமல் பொன்னாயி வீட்டுக்கு ஓடினார். சில நாள் அங்கேயே தங்கினார்.

பிறகு திருமழபாடிக்குப் போனார். மலர்கொடி பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் ஏதாச்சும் வருதாம்மா?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். நான் மிதிச்சாத்தான் ஓடுது." அவளுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். "ஊரெல்லாம் கேட்டுச்சுன்னு சொன்னாங்க. எங்க மாமியா பயந்துக்கிட்டு வெளக்குகூட ஏத்தி வச்சாங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் லீலாவதி ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தார். அம்சவல்லி அந்த மிஷினில் தைத்தது ஓரிரு வருஷம்தான். தைக்கக் கற்றது சங்கத்து முன் அறையில். அந்த மூலைதான் அவள் வழக்கமாக உட்காரும் இடம். ஜன்னல் வெளிச்சம் விழும் என்று அவளே பிடித்துவைத்துக்கொண்ட இடம். அங்கே மிஷினைக் கொண்டுவந்து வைத்தது தான்தான். மிஷின் போகலாம், அவள் எங்கே போவாள்?

அன்றே பொன்னாயி வீட்டிலிருந்து துணிமணியை எடுத்துக்கொண்டு தன் அறைக்கு வந்துவிட்டார். பயம் போய்விட்டதென்று சொல்ல முடியாது. சத்தம் ஆரம்பிக்கும்போது முதுகில் ஒரு சில்லிப்பு ஏறத்தான் செய்தது. அதோடேயே சாப்பிடப் பழகிக்கொண்டார்.

சித்திரையில் கடைக்கால் தோண்டி, மழைக்கு முன்னால் ஓடு போட்டார்கள். ஆடிட்டர் பார்த்த கணக்கு திருச்சிக்குப் போய், சரி என்று பதிலும் வந்தது. கும்பகோணம் பக்கத்திலிருந்து கண்ணகி என்ற நர்ஸ் வந்தார். அந்த ஐப்பசியில் மருதையாறு பழையபடி கரைக்குக் கரை போனது. ராசாத்திக்கு வலி கண்டபோது யாரும் வண்டி கட்டவில்லை. அவள் நடந்தே வந்து படுத்தாள். பகல் உச்சியில் பெண் குழந்தை பிறந்தது. கையைக் கழுவிக்கொண்டே கண்ணகி கேட்டார்:

"பக்கத்து ரூமுல யாரு டீச்சர், சாப்பாட்டு நேரத்துல கூட விடாம தைக்கிறது?"

"எங்க சங்கத்துப் பொண்ணுதான்" என்றார் லீலாவதி. அதற்கு மேல் கண்ணகியும் கேட்கவில்லை. பிறகு ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

அங்கமுத்து அதன் பிறகு ரொம்ப நாள் இருக்கவில்லை. அதுவரை மத்தியான வேளைகளில் வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்து, சத்தம் நின்ற பிறகு எழுந்து போவார்.

எண்பத்தேழில் லீலாவதிக்கு மாற்றல் வந்தது. பதிலுக்கு வந்த டீச்சர் சிந்தாமணி, சின்ன வயசு, அரியலூர் டவுனில் வளர்ந்தவர். சாவியைக் கொடுக்கும்போது லீலாவதி ஒன்றை மட்டும் சொன்னார்.

"மத்தியானத்துல முன் ரூமைப் பூட்டிட்டு வெளிய வந்துடுங்க. அந்த நேரம் அங்க ஒருத்தங்க வேலை பாப்பாங்க. நம்மள ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

சிந்தாமணி சிரித்தார். பத்து நாளுக்குள் லீவு போட்டுவிட்டு அரியலூருக்குப் போனவர் திரும்பவில்லை. அந்த ஊருக்கு வேறு யாரும் போக முன்வராததால் லீலாவதியின் மாற்றலை ரத்து செய்தார்கள். அதே டிரங்குப் பெட்டியோடு அவர் மறுபடி பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

பொன்னாயி பஸ் ஸ்டாப்பிலேயே காத்திருந்தார். பிரசவ அறைக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டுமாம். இன்னொரு குலுக்கல் போடலாமா என்றார். இரண்டு பேரும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

"போடலாம்க்கா. நாளைக்கே மனு எழுதுவோம்" என்றார் லீலாவதி. "ஆனா பரிசைக் கடையில புதுசா வாங்கி, பில்லோட வைப்போம்."